காலில் தடவிய மலைத்தேன்

தில்லை நகர்க் கடையிலிருந்து மகள் ஒரு தேன் புட்டி வாங்கி வந்தாள். நோய் எதிர்ப்புச் சக்தி பெருகும் என்று அதன்மேல் அச்சடித்திருக்கிறது. திறந்து முகர்ந்தேன். வாசனையே இல்லை. எனக்குத் தெரிந்த தேனில் புகை மணக்கும், கொஞ்சம் மெழுகு, பெயர் தெரியாத ஏதோ காட்டுப் பூ. பச்சைமலையிலிருந்து வரும் ஒருத்தி தகர டின்னில் அதைச் சுமந்துவந்து ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் விற்பாள். அதில் ஒரு ஜாடி, கல்யாணச் சீரோடு எங்கள் பொன்மலைக் குவார்ட்டர்ஸுக்கும் வந்தது.

யுத்த காலம். நான் ரயில்வே பட்டறையில் குமாஸ்தா. ஏதோ காகிதம் கொடுக்கப் போனவன், கொல்லுப்பட்டறை வாசலில் வாயைப் பிளந்து நின்றேன். பழுக்கக் காய்ந்த இரும்புச் சில்லு ஒன்று தெறித்து ஆடுசதையில் விழுந்தது. வேலை செய்தவர்களுக்கு ஒன்றுமில்லை, வேடிக்கை பார்த்தவனுக்குத்தான் புண். மூன்று வாரமாகியும் ஆறவில்லை, சீழ் கோத்துக்கொண்டது. "அடுத்த வாரமும் இப்படியே இருந்தா கத்தி வைக்கணும்" என்றார் டாக்டர். கால் போய்விடுமோ என்று பயந்தேன்.

கல்யாணமாகி இரண்டு மாதம். கோமளா என்னோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அன்று ஜாடியோடு வந்து நின்றாள்.

"தேனைத் தடவிப் பார்க்கலாமா?"

"நான் என்ன அதிரசமா?"

சிரிக்காமல் உட்கார்ந்து கட்டைப் பிரித்தாள். கொதித்து ஆறிய நீரில் கழுவி, தேன் தடவி, என் பழைய வேஷ்டியைக் கிழித்துக் கட்டினாள். தினம் இரண்டு வேளை. எறும்பு வராமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்கச்சிகளில் வைத்தாள். அப்படியும் வந்தவற்றை விசிறியால் தட்டிக்கொண்டே, எரிச்சல் தெரியாமலிருக்க ஏதாவது பேசுவாள். கொள்ளிடத்து மணலில் வளையல் தொலைத்தது, கோயில் யானை அவள் தம்பியின் குல்லாவை எடுத்துக்கொண்டது. ஜன்னலில் வேப்பங்காற்று. ஜுரமும் அவள் குரலும் கலந்து, தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே தெரியாத மதியங்கள்.

அடுத்த வாரம் அவளும் கூட வந்தாள். டாக்டர் கட்டைப் பிரித்தார். ரோஜா நிறத்தில் புதுச் சதை.

"என்னய்யா போட்ட?"

திட்டுவாரோ என்ற பயம். "நீங்க குடுத்த களிம்புதான் சார்" என்றேன்.

வழி நெடுக அவள் பேசவில்லை. மறுநாளும், அதற்கு மறுநாளும். தேன் தடவுவது மட்டும் நிற்கவில்லை. அந்த மௌனம் புண்ணைவிட வலித்தது. மூன்றாம் நாள் நொண்டிக்கொண்டே டாக்டரிடம் போய், "களிம்பு இல்ல சார், என் சம்சாரம் தேன் போட்டா" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "உடம்பு தானா சண்டை போடும்யா. தேன் அதுக்கு ஒத்தாசை பண்ணியிருக்கும். கழுவுன கை அதைவிட. அந்தம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு."

சொன்னேன். கோமளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இதைச் சொல்லவா இந்தக் காலை வச்சுண்டு அவ்வளவு தூரம் போனேள்?" குரல் மட்டும் சிரித்தது.

அந்த டாக்டர் இல்லை. மலையிலிருந்து டின் சுமந்து வருகிறவர்களும் இல்லை. கோமளா போய் எட்டு வருஷம். வருகிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையை அவள்தான் சொல்வாள். அவள் சொல்லும்போது புண் முழங்கால்வரை ஏறியிருக்கும், எறும்புகள் வாசல்வரை வரிசையில் நிற்கும். "அவ்வளவு இல்லைடி" என்று நான் குறுக்கிடுவேன். இப்போது நானே சொல்கிறேன். புண் ஒரு ரூபாய் அகலந்தான் இருக்கிறது.