காசிம் பாய் பல்பு மாற்றிய சாயங்காலம்

டிராம் என்னை ராயபுரத்தில் இறக்கிவிட்டபோது மணி நாலு. முந்தின ராத்திரி கும்பகோணத்தில் ரயிலேறியவள், தலையெல்லாம் கரி. அங்கிருந்து எண்ணூர் ஒன்பது மைல். ரயிலும் உண்டுதான். ஆனால் நிறைமாதக்காரியான என் தங்கை சரோஜாவை அன்றைக்கே ராயபுரம் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டுமே! டாக்ஸி பேசினேன். போக வர எட்டு ரூபாய். பகல் கொள்ளை.

“எண்ணூர்ல எங்கம்மா?” என்று கேட்டார் டிரைவர் காசிம் பாய். வண்ணாரப்பேட்டைக்காரர், நாற்பது வயதிருக்கும்.

“உப்பளத்துக் கணக்கர் வீடு. அவர் சம்சாரம் என் தங்கைதான். பிரசவத்துக்கு அழைச்சிட்டு வரணும்.”

மனுஷருக்கு முகமே மாறிவிட்டது. “செத்த குந்துமா” என்று சொல்லி, வண்டியை நேரே ஒரு பட்டறைக்குள் விட்டார். முன்விளக்கு இரண்டையும் கழற்றச் சொன்னார். யுத்த காலத்து மங்கல் பல்புகளை எடுத்துவிட்டு, இரட்டிப்பு வெளிச்சம் தரும் பல்புகளை மாட்டினார்கள். உள்ளே கறுத்துக் கிடந்த தகட்டைப் பளபளவென்று தேய்த்தார்கள். பிறகு பட்டறையின் இருட்டுச் சுவரில் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்கள்.

“கீழ எறக்கணும் பாய். எதுர்ல வர்றவனுக்குக் கண்ணு கூசும்” என்றார் மெக்கானிக்.

“வோணாம். தூக்கியே வை. மணலு எங்க கீதுன்னு தூரத்துலயே தெரியணும்.”

மணி ஐந்தரை ஆகிவிட்டது. “விளக்கு வேடிக்கை பார்க்கவா கும்பகோணத்திலிருந்து வந்தேன்?” என்று கத்தியே விட்டேன். பாய் வண்டியைக் கிளப்பினார்.

டோல்கேட் தாண்டியதும் தானாகவே வாய் திறந்தார். “யக்கா, போன வருசம் உன் தங்கச்சிய இட்டாந்தது என் வண்டிதான். காத்து மணலை வாரி ரோட்டு மேல போட்டுட்ச்சு. அந்த மங்கல்ல ரோடு எது, மணலு எதுன்னு தெரியாம எறக்கிட்டேன். விடியறவரைக்கும் சக்கரம் மேல ஏறல.”

அந்த வண்டியிலேதான் சரோஜாவுக்குத் தலைப்பிள்ளை பிறந்தது. பிறந்ததும் போய்விட்டது. முகம் தெரியாத அந்த டிரைவரை நான் சபிக்காத நாளில்லை. ‘கட்டையிலே போக’ என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அந்த ஆளின் பிடரி இப்போது என் கண்ணுக்கு முன்னால்! நிறுத்தச் சொல்லி இறங்கிவிடலாமா என்றிருந்தது. திருவொற்றியூர் தேரடி போய், எர்ணாவூர் போய், கத்திவாக்கமும் வந்தது.

எண்ணூர் போய்ச் சேர்ந்தால் சரோஜாவுக்கு வலி எடுத்துவிட்டிருந்தது. அவள் வீட்டுக்காரர் வேலையாகப் பொன்னேரி போயிருந்தார். வாசலில் நின்றவரைப் பார்த்ததும், “பாய், நீங்களா? வாங்க” என்றாள். நான் முறைத்தேன். “அக்கா, அன்னிக்கு ராத்திரி பூரா கையாலயே மணலைத் தோண்டினார். நகமெல்லாம் ரத்தம். உனக்குத் தெரியாது” என்று சொல்லி, அவர் வண்டியிலேயே ஏறி உட்கார்ந்தாள். அப்புறம் நான் என்ன சொல்ல?

இருட்டிவிட்டது. பாய் விளக்கைப் போட்டார். அடேயப்பா! சாலையைக் குறுக்கே கடக்கும் நண்டுகூடத் தெரிந்தது. வலியோடு வலியாகச் சரோஜா சிரித்தாள்.

கத்திவாக்கத்துக்கு இப்பால் சோதனை வந்தது. உப்பு இறக்கிவிட்டு வெறுமையாக எண்ணூர் திரும்பும் மாட்டுவண்டிகள் வரிசையாக எதிரே வந்தன. வண்டிக்காரர்கள் படுத்துத் தூங்கிவிடுவார்களாம். மாடுகளே வீடு சேர்த்துவிடும். தூக்கி வைத்த வெளிச்சம் நேரே மாட்டின் கண்ணில் பாய்ந்தது. முன்வண்டி மாடு மிரண்டு சாலைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. மற்றவை அதன் பின்னால் முட்டிக்கொண்டன. இரண்டு பக்கமும் மணல்.

“வெளிச்சத்த அணைடா! மாட்டுக்குக் கண்ணு அவிஞ்சிடும்!” என்று விழித்தெழுந்த வண்டிக்காரர் ஒருவர் கத்தினார்.

பாய் அணைத்தார். அந்த வெளிச்சத்துக்குப் பழகிய கண்ணுக்கு ஒரே கும்மிருட்டு. “மறுபடியுமா, அல்லா” என்றார். சரோஜா என் கையை நெரித்தாள். எனக்கும் பயம்தான், யார் இல்லையென்றது? உதறிக்கொண்டு இறங்கி ஓடினேன்.

“ஐயா, உள்ளே பிள்ளைத்தாச்சி. வலி கண்டிடுச்சு!”

முன்வண்டிக்காரர் குதித்தார். “டேய், எல்லாரும் வண்டிய ஓரங்கட்டுங்கடா!” என்று கூவி, வண்டியடியில் தொங்கிய லாந்தரை அவிழ்த்துக்கொண்டு எங்கள் முன்னால் நடந்தார். “மணலு இந்தாண்ட கீது நைனா. பயப்படாத, என் பின்னாலயே வா.” பாய் அந்தச் சின்ன வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு அடி அடியாக ஓட்டினார். கடைசி வண்டியும் கழிந்ததும் லாந்தர்க்காரர் ஒதுங்கி நின்று, “இப்பப் போடு. பறந்து போ” என்றார். பாய் போட்டார், பறந்தார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அரைமணியில் குழந்தை பிறந்தது. நான் வெளியே ஓடிவந்தேன். வண்டி அருகில் நின்ற பாய், ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை.

“அழுதுச்சா யக்கா?” என்றார்.

அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய் வார்டு ஜன்னலுக்கு வெளியே நிறுத்தினேன். உள்ளே பெண் குழந்தை ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். “இன்னா சத்தம் போடுது பாரு, இன்னா சத்தம்!” என்று சொன்னவர், சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். ஓர் ஆண்பிள்ளை அப்படி அழுது எங்கள் கும்பகோணத்தில் நான் பார்த்ததில்லை. நானும் சேர்ந்து அழுதேன்.