மெஷின்களை நிறுத்தியவள்

மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் என் தங்கையை எல்லோரும் ‘கஞ்சி’ என்றுதான் கூப்பிடுவார்கள். குடிக்கிற கஞ்சி இல்லை, துணிக்குப் போடுகிற கஞ்சி. நின்றால் விறைப்பு, நடந்தால் விறைப்பு, சிரித்தால்கூட உதட்டில் ஒரு ஓரம் மட்டும்தான் மடியும். அவளுக்கு அந்தப் பெயர் பிடிக்கும். எனக்கும்தான்.

நான் கூடத்தை ஒட்டிய தையல் அறையில் வேலை செய்கிறேன். ஓரம் பிரிந்த போர்வையும் நாடா அறுந்த ஆபரேஷன் அங்கியும் என் மெஷினுக்கு வரும். நடுவில் கண்ணாடித் தடுப்பு இருப்பதால் கூடம் முழுக்க என் கண்ணில் படும். இதில் நான் நேரில் பார்க்காதவை சில உண்டு. அவற்றை யார் சொன்னார்கள் என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

தங்கைக்கு ஒரு கல்யாணம் ஆனது. அவள் புருஷன் கை ஓங்குவதற்கு முன்னால் டிவி சத்தத்தைக் கூட்டுவான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த குடும்பம் விஷயம் புரிந்து, தங்கள் டிவியையும் கூட்டிக்கொள்ளும். ஒரு மத்தியானம் வீங்கிய கன்னத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். திரும்பிப் போகவில்லை. பார்க்க வந்த சித்தி, “கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாமேம்மா” என்றாள்.

“அனுசரிச்சேன் சித்தி. அவன் கைக்கு எட்டுற மாதிரி குனிஞ்சு குனிஞ்சு அனுசரிச்சேன். இப்போ முதுகு வலிக்குது.”

சித்தி டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டாள். அதன் பிறகு தங்கை என்னிடம் சொன்னாள்: “அடிச்சவனைக்கூட ஒரு நாள் மறந்தாலும் மறப்பேன்கா. சத்தத்தைக் கூட்டிக்கிட்டவங்களை மறக்கவே மாட்டேன்.”

அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலை, ஊரிலேயே அதிகச் சத்தம் உள்ள இடத்தில். துவைக்கிற டிரம்முகள், உலர்த்துகிற மெஷின்கள், விரிப்பை நீவித் தள்ளுகிற உருளை, எல்லாம் சேர்ந்து இரையும்போது காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். பசிக்கிறது, துணி ஈரம், மேனேஜர் வருகிறார், அவர் சட்டைப் பொத்தான் மாறிப் போயிருக்கிறது, எல்லாவற்றுக்கும் கை உண்டு. விரிப்பின் ஒரு முனையில் நிற்பவள் மறுமுனைக்காரிக்கு மாமியார் சண்டையை முழுசாகச் சொல்லி முடித்துவிடுவாள்.

அந்தக் கூடத்துக்குப் பிறவியிலேயே காது கேளாத ஒரு பெண் வேலைக்கு வந்தாள். காதோரம் விரலைச் சுழற்றினால் அது அவள் பெயர். சுருட்டை முடி என்பதால் சுருட்டை. அவள் வந்த பிறகு கூடத்தின் பாஷையே செழித்துவிட்டது. அவள் தன் கைப்பேச்சை எல்லோருக்கும் சொல்லித் தந்தாள். எங்களில் சிலருக்கு வாயால் பேசுவதைவிட அது நன்றாக வந்தது. விரிப்பு மடிப்பதில் தங்கையும் சுருட்டையும் ஜோடி.

இந்தப் பாஷையைக் கற்றுக்கொள்ளாதவன் ஒருவன்தான், சூப்பர்வைசர். இடுப்பில் சாவி தொங்கும் என்பதால் அவனுக்குப் பெயர் ‘சாவிக்கொத்து’. “என்னங்கடி, டான்ஸ் ஆடுறீங்களா?” என்று கேட்டுக்கொண்டே கடந்து போவான். கூடத்தின் கோடியில் இருந்த ஸ்டோர் ரூம் அவன் பொறுப்பு. புது விரிப்பு, சோப்புத்தூள் எல்லாம் அங்கேதான். ஆட்களை ஒவ்வொருவராகத்தான் உள்ளே கூப்பிடுவான். போய் வந்தவர்கள் முகத்தைப் பார்த்தே நாங்கள் புரிந்துகொள்வோம்.

ஒருத்தி மேலிடத்தில் வாய் திறந்தாள். உடனே எங்களுக்கு ஒரு வகுப்பு நடத்தினார்கள். வந்த மேடம், தனியாகப் போகாதீர்கள், உடையில் கவனம், சிரித்துப் பேசாதீர்கள் என்று பொறுமையாக விளக்கினார். என் தங்கை கையைத் தூக்கினாள்.

“மேடம், எங்களுக்கு எப்படி ஒதுங்கணும்னு சொல்லிட்டீங்க. அவருக்கு எப்படிச் சும்மா இருக்கணும்னு வகுப்பு என்னைக்கு?”

கூடமே சிரித்தது. மேடம் தண்ணீர் குடித்தார். வகுப்பு முடிந்தது. வாய் திறந்தவளுக்கு மட்டும் வேறு கட்டடத்துக்கு மாற்றல் வந்தது.

பிறகு ஒரு காலையில் சாவிக்கொத்து சுருட்டையை ஸ்டோருக்குள் அழைத்தான். நான் ஒரு தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது அவள் கூடத்தின் கோடியில், எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றுகொண்டிருந்தாள். விரிப்பு எதுவும் கையில் இல்லை. ஒரு தோளில் சட்டைத் தையல் விட்டிருந்தது. அந்தக் கைகள் பேச ஆரம்பித்தன. ஒளிக்கவில்லை, குறைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் அவன் கதவைப் பூட்டிக்கொண்டு, சட்டையை உள்ளே செருகியபடி நிதானமாக வந்தான். காது கேளாதவள் யாரிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறாள் என்ற நிதானம் அது. அந்தக் கட்டடத்திலேயே ஒரே மூச்சில் எல்லோருக்கும் சொல்லக்கூடிய ஒருத்தியைத் தொட்டுவிட்டோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

தங்கை நடந்து போய், மெஷினை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அடித்தாள். அதைப் பார்த்து ஒவ்வொருவரும் தங்கள் மெஷினை நிறுத்தினார்கள். சத்தம் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில் குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது.

“எவடி மெஷினை நிறுத்துனது?” அவன் குரல் அங்கே அப்படி எதிரொலித்து நான் கேட்டதில்லை.

“‘டி’ வேண்டாம் சார். நான்தான் நிறுத்துனேன்.”

“வார்டுல ஷீட் இல்லாம கிடப்பாங்களே, நீ பதில் சொல்லுவியா?”

“சொல்றேன். நீங்களும் சொல்லுங்க. உள்ள என்ன செஞ்சீங்க?”

“ஊமைப் பொண்ணு ஏதோ கையை ஆட்டுது. அதுல உனக்கு என்னடி புரிஞ்சுது?”

தங்கை கூடத்தின் பக்கம் கையைக் காட்டினாள். உருளையில் நின்றவள் சொன்னாள்: “கதவைச் சாத்துனீங்க.” உலர்த்துகிற இடத்திலிருந்த பெரியவர் சொன்னார்: “அவ ரெண்டு கையையும் சேர்த்துப் பிடிச்சீங்க. கத்தவிடாம வாயைப் பொத்துற மாதிரி.” மிச்சத்தை வேறு ஒருத்தி சொன்னாள். சாவிக்கொத்து ஒவ்வொரு குரல் வந்த பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

அப்போது வாசலில், வார்டு விரிப்புக்காக வந்திருந்த ஸ்ட்ரெச்சர்காரர் கையைத் தூக்கினார். ஆறடிக்கு மேல் உயரம், அதனால் ‘தூண்’. கூடத்துப் பாஷை அவருக்கு அரைகுறைதான். மார்பில் கை வைத்து, ஸ்டோர் கதவைக் காட்டினார். எனக்கும் நடந்தது என்கிறார். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தங்கை அந்தப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தச் சிரிப்பு அங்கேயே செத்தது.

விசாரணைக் குழு அமைத்தார்கள். சாவிக்கொத்தை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்திவைத்தார்கள். விசாரணை அறைக்குள் நடந்ததைத் தங்கை சொல்லித்தான் எனக்குத் தெரியும். குழுத் தலைவியம்மா முதலிலேயே தூணைக் காட்டி, “ஆம்பளைங்க புகார் எங்க குழுவுல வராதும்மா. அவர் நிரந்தர ஊழியரும் இல்ல, கான்ட்ராக்ட்” என்றாராம்.

“அதே ரூம், அதே கதவு, அதே ஆளு மேடம். இவருக்கு இங்க நாற்காலி இல்லைன்னா நாங்களும் நின்னுக்கிட்டே இருக்கோம்.”

நின்றார்கள். குழுவில் இருந்தவர்கள் சங்கடப்பட்டு நெளிந்த பிறகு தூணுக்கும் நாற்காலி வந்தது. குழுவில் ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்து, “இவ்வளவு பெரிய உடம்பு. ஒரு தள்ளு தள்ளிட்டு வந்திருக்கலாமே?” என்று கேட்டார்.

“தள்ளியிருப்பேன் சார். என் வேலையை நீட்டிக்கிற கையெழுத்து அவரோடது. வீட்ல ரெண்டு குழந்தைங்க.”

சுருட்டை சொல்வதைத் தங்கை வேண்டுமென்றே மாற்றிச் சொல்கிறாள் என்று சாவிக்கொத்து புகார் செய்தான். சரி, கூடத்தில் யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள் என்றாள் தங்கை. அவர்களாகவே பொறுக்கி, வெவ்வேறு ஆட்களை வைத்து மறுபடி மறுபடி கேட்டார்கள். சொன்னது மாறவில்லை. ஆனாலும் மேனேஜருக்கு அவனை விட மனமில்லை. தங்கை, சுருட்டை, தூண் மூவரையும் தன் அறைக்கு வரச் சொன்னார். சாவிக்கொத்தும் அங்கே உட்கார்ந்திருந்தான். அவன் மன்னிப்புக் கேட்பான், இவர்கள் ஏற்றுக்கொண்டால் வேறு கட்டடத்தில் இதே பதவி, இல்லையென்றால் குழு முடிவு செய்யும் என்றார்.

அவர்கள் அவன் மூக்குக்கு முன்னாலேயே கையால் பேசி முடிவெடுத்தார்கள். சாவிக்கொத்து சலிப்போடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். பிறகு தங்கை வாயால் சொன்னாள்: “கேட்கட்டும் சார். ஆனா கூடத்துல, எல்லார் முன்னாடியும், சுருட்டைக்குப் புரியுற பாஷையில கேட்கணும். குழுவும் வரணும்.”

வேறு கட்டடம் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. “எதுக்குடி இந்தக் கூத்து? ஆளைப் பிடிச்சு அவன் கையை ஒடைச்சா தீர்ந்துச்சு” என்றேன்.

“கை ஒடைஞ்சா கட்டுப் போட்டுக்குவான்கா. பாவம்னு பார்க்க நாலு பேர் ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வருவாங்க. எனக்கு அவன் சாவி வேணும். இனி எந்தச் சாவியும் அவன் இடுப்புக்குப் போகக் கூடாது.”

மேனேஜர் குறித்த நாளில் குழுவும் அவரும் சுவரோரம் நின்றார்கள். மெஷின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. நிறுத்தத் தேவையில்லை என்று தங்கை சொல்லிவிட்டாள். சாவிக்கொத்து எங்கோ பணம் கட்டிக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். மன்னித்துவிடு என்று கையால் சொன்னான். நெற்றி வேர்த்திருந்தது.

சுருட்டை புரிந்தது என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, எதற்கு மன்னிப்பு என்று கேட்டாள்.

அவன் விழித்தான். கற்றுக்கொண்டு வந்தது அந்த ஒரு வாக்கியம்தான். அதையே மறுபடி செய்தான். அவளும் அதையே மறுபடி கேட்டாள். பிறகு, தெரியாவிட்டால் நான் சொல்லித் தருகிறேன், பார்த்துச் செய் என்று காட்டினாள். கதவைச் சாத்தினேன். அவன் கை தூக்கினான், இறக்கினான், மேனேஜரைப் பார்த்தான். சீக்கிரம் முடியட்டும் என்பதுபோல மேனேஜர் தலையசைத்தார். அவன் செய்தான். கையைப் பிடித்தேன். செய்தான். தொட்டேன். இங்கே. இங்கே. ஒவ்வொன்றையும் தன் கையாலேயே, மொத்தக் கூடத்தின் கண்ணுக்கு முன்னால் செய்தான். தூணும் முன்னால் வந்து தன் பங்குக்குக் காட்டினார். அதையும் செய்தான். கடைசியில் அவன் சைகைகள் பாதி பாதியாகத்தான் வந்தன. தெளிவாக இல்லை, மறுபடி என்றாள் சுருட்டை. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தித்தித்தது. மறைக்க என்ன இருக்கிறது?

எல்லாம் முடிந்ததும் சுருட்டை ஒரே ஒரு சைகை காட்டினாள். குழுத் தலைவி தங்கையின் காதோரம் வந்து, என்ன சொல்கிறாள் என்று கத்திக் கேட்டார்.

“மன்னிக்க மாட்டாளாம்” என்று தங்கையும் கத்தினாள். “நீங்க பார்க்க வேண்டியதை எல்லாம் அவர் கையே சொல்லிடுச்சே மேடம்!”

அவன் வேலை போனது. தச்சர் வந்து ஸ்டோர் கதவைக் கழற்றினார்; தங்கை பக்கத்தில் நின்று கீல் உட்பட எடுக்கவைத்தாள். இப்போது அங்கே திறந்த வாசல்தான். ஆணோ பெண்ணோ, கான்ட்ராக்டோ நிரந்தரமோ, யார் புகாரையும் குழு கேட்கிறது. கைப்பேச்சு தெரிந்த ஒருவரும் கூட உட்காருகிறார். முதலில் வாய் திறந்து மாற்றப்பட்டவளும் எங்களிடமே திரும்பி வந்துவிட்டாள்.

கொஞ்ச காலம் கழித்து, அவன் ஒரு மாணவர் விடுதியில் ஸ்டோர் பொறுப்புக்கு முயற்சி செய்கிறான் என்று தூண் செய்தி கொண்டுவந்தார். விடுமுறை நாளில் மூவரும் கிளம்பினார்கள். நானும் போனேன். விடுதிக் காப்பாளர் முழுவதும் கேட்டுவிட்டு, “வேலை போயிடுச்சு, தண்டனையும் முடிஞ்சுது. இன்னும் துரத்துறீங்களே. பழைய பகையாம்மா?” என்றார்.

“ஆமா சார், பகைதான்” என்றாள் என் தங்கை. “பகைன்னு ஒத்துக்கிறேன். பொய்யான்னு நீங்க குழுவுலேயே கேட்டுக்கங்க. பசங்க தனியா வந்து சோப்பு வாங்குற ரூமோட சாவியை அதுக்கப்புறம் கொடுங்க.”

கொடுக்கவில்லை. இப்போது அவன் மொத்த வியாபாரக் கடை ஒன்றின் வாசலில் மூட்டை இறக்குகிறான். நாலு பக்கமும் திறந்த தெரு, நாள் முழுக்க ஜனம். எங்கள் வீட்டுக்கு அது சுற்று வழி. தங்கை தினமும் அந்த வழியாகத்தான் வருகிறாள். நிற்பதில்லை, பேசுவதில்லை. அவன் நிமிரும் வரை பார்த்துக்கொண்டே நடக்கிறாள். முதலில் தலையைக் குனிவது அவன்தான்.