பிறம்ரனுக்கு ஒரு பிரிகேடியரின் காரில்

ஸ்காபரோவில் குடியிருந்துகொண்டு பிறம்ரனில் வேலை எடுத்திருக்கும் பிள்ளைகள் சிலர், எப்படிப் போய்வருவது என்று எழுதிக் கேட்டிருந்தார்கள். வழி சொல்கிறேன். ஆனால் அந்தப் பாதை என்றாலே எனக்கு 1986 பெப்ரவரியில் போன பயணம்தான் முன்னுக்கு வருகிறது. அதைச் சொல்லாமல் வழி மட்டும் சொல்ல எனக்கு வராது.

அப்போது நான் கனடாவுக்கு வந்து ஆறு மாதம். அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு விசாரணைக்குக் காத்திருந்தேன். பொலிஸில் ஒருமுறை மாட்டினால் போதும், கோப்பை மூடிப் பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்று எங்கள் அபார்ட்மென்டில் அத்தனை பேரும் நம்பினோம். பொலிஸ் கார் தெரிந்தால் நான் வீதியின் மற்றப் பக்கம் மாறி நடப்பேன்.

வேலை ஒரு வெயார்ஹவுஸில், பின்னேரம் மூன்று மணி ஷிப்ட். பஸ், சப்வே, பிறகும் இரண்டு பஸ் என்று இரண்டேகால் மணித்தியாலம் போகும். அங்கேயே வேறு ஷிப்டில் வேலை செய்த என் அறைத்தோழர் செல்வம் அண்ணை ஒரு வழி பிடித்தார். வெயார்ஹவுஸில் தரை கூட்டும் ஆபிரிக்கர் ஒருவர் எங்கள் பக்கத்திலிருந்துதான் காரில் போகிறார், பெற்றோலுக்குக் கிழமைக்கு ஐந்து டொலர் கொடுத்தால் ஏற்றிக்கொள்வார். எல்லோரும் அவரைப் பிரிகேடியர் என்று கூப்பிட்டார்கள். பட்டப்பெயர் என்றுதான் நினைத்தேன்.

"உவர் தங்கமான ஆள். பயப்பிடாமல் ஏறு," என்றார் அண்ணை.

ஒன்று நாற்பதுக்கு ஏறினேன். ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர், பனி இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். 401 நெடுஞ்சாலையில் வெயில் கண்ணில் அடிக்க, அவர் தலைக்கு மேலிருந்த மறைப்பை இறக்கினார். ஒரு படம் என் மடியில் விழுந்தது. சீருடை, நெஞ்சு நிறையப் பதக்கம், கக்கத்தில் பிரம்பு. அவரேதான். இராணுவத்துக்குப் பயந்து கடல் தாண்டி ஓடிவந்தவன், ஓடிவந்து ஏறியது ஒரு பிரிகேடியரின் காரில்!

கேட்காமலே சொன்னார். பதினெட்டு வயதில் சிப்பாய். சுதந்திரம் வந்து வெள்ளைக்காரர் போனதும் அதிகாரிப் பயிற்சி. கப்டன், மேஜர், பிறகு எல்லையில் ஒரு பட்டாலியன். நாற்பத்தாறு வயதில் பிரிகேடியர். நாட்டின் வடக்கு முழுவதும் அவர் கையில். அரசாங்கம் கவிழ்ந்த மறுநாள் மாற்றுச் சட்டைகூட இல்லாமல் எல்லை தாண்டியிருக்கிறார். 'வடக்கு' என்று கேட்டதுமே நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். என் ஊரும் வடக்குத்தான்.

401ஐ விட்டு இறங்கிப் பிறம்ரனுக்குள் நுழைந்ததும் பின்னால் பொலிஸ் காரின் சிவப்பு விளக்குச் சுழன்றது. அவர் ஓரங்கட்டினார். அடுத்து நான் செய்ததை நீங்கள் ஒருநாளும் செய்யாதீர்கள். ஊரில் சோதனைச் சாவடி வந்தால் பஸ்ஸை விட்டு இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நடக்கவேண்டும். கால் அதைத்தான் பழகியிருந்தது. காரை விட்டு இறங்கி, தொப்பியைக் கழற்றி, அகதிக் கடதாசியைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, பொலிஸ்காரரை நோக்கி நடக்கத் தொடங்கினேன்.

பொலிஸ்காரர் கத்தினார். கை இடுப்புத் துவக்குக்குப் போனது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"திரும்பி வந்து உட்கார். மெதுவாக. கை இரண்டும் அவருக்குத் தெரியட்டும்," என்றார் பிரிகேடியர், காருக்குள்ளிருந்து, ஆங்கிலத்தில். குரல் உயரவில்லை. என் கால் கீழ்ப்படிந்தது.

பின்விளக்கு ஒன்று எரியவில்லையாம். பொலிஸ்காரர் எங்கள் கடதாசிகளைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். மொத்தம் ஏழு நிமிடம். பிரிகேடியர் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்ததும் என்னுடையதைப் போன்ற அகதிக் கடதாசிதான் என்பதை அப்போதுதான் கண்டேன். அவருக்கும் விசாரணை முடியவில்லை.

கொஞ்சத் தூரம் போனபிறகு சொன்னார்: "என் சாவடிகளிலும் சனங்கள் இப்படித்தான் இறங்கி வருவார்கள். அந்த உத்தரவை எழுதியவன் நான். ஜீப்பிலிருந்து பார்க்க அது நல்ல ஒழுங்காகத் தெரிந்தது."

இனி வழி. காரில் போவதானால் 401தான்; புறப்படுமுன் பின்விளக்கைப் பாருங்கள். பனி நாளில் அரை மணித்தியாலம் முன்னதாக வெளிக்கிடுங்கள். பொலிஸ் மறித்தால் உள்ளேயே இருங்கள், கை வெளியே தெரியட்டும்.

மே மாதம்வரை அவரோடுதான் போனேன். வேலையை விட முடியாது, பஸ்ஸும் சரிவராது. அவருடைய சாவடியில் இறங்காதவர்களுக்கு என்ன உத்தரவு என்று மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.