பால்குடி இருக்கும்வரை

ராஜம்மாவுக்கு வாய் நீளம். ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்த வரைக்கும், கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் அவளுடையது. வல்லம் வடகாலில் பக்கத்து வீடும் அவள்தான். ஆக, எனக்குத் தப்பிக்க வழியே இல்லை.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. புதிதாகக் கல்யாணமான பெண் யாராவது பஸ்ஸில் ஏறினால் போதும், ஆரம்பித்துவிடுவாள். "மாத்திரையும் இல்ல, ஊசியும் இல்ல. பெரியவனுக்கும் அடுத்தவளுக்கும் மூணு வருஷம். அவளுக்கும் அதுக்கு அடுத்ததுக்கும் மூணு வருஷம். பால்குடி கீற வரைக்கும் வயித்துல தங்காதுமே. நானே சாட்சி."

சும்மா சொல்லவில்லை. இன்று கண்டெய்னர் லாரிகள் நிற்கும் இடத்தில் அப்போது நெல் விளைந்தது. நடவுக்குப் போகும்போது பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் போவாள். வரப்போரத்துப் பூவரச மரத்தில் தூளி. பிள்ளை அழுதால் கரையேறிப் பால் கொடுப்பாள். அழாவிட்டாலும், தன் இடுப்பு வலிக்கிறதென்று கரையேறிப் பால் கொடுப்பாள். இரவெல்லாம் பிள்ளை மார்பிலேயே கிடக்கும்.

மாத்திரை வருவதற்கு முன்னால் எங்கள் பெண்களுக்கு வேறு வழிகளும் இருந்தன. பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் லேசில் திரும்பமாட்டாள். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக் கூடாது என்பது காரணம். புருஷனுக்கும் தனக்கும் நடுவில் பிள்ளையைப் போட்டுப் படுத்தவர்களும் உண்டு. எதையும் யாரும் குடும்பக் கட்டுப்பாடு என்று சொன்னதில்லை. இத்தனையும் மீறித் தங்கிவிட்டால் கலைக்கப் பப்பாளிக்காய், எள்ளும் வெல்லமும். அதற்கும் மிஞ்சினால் எருக்கு. எருக்கைத் தொட்டவர்களில் சிலர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் ராஜம்மாவின் கடைசி மகன் தாவீதின் மனைவி ஷெர்லினுக்கு ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் நிறையப் போய்விட்டது. இரண்டு வருஷத்துக்காவது அடுத்தது வேண்டாம், காப்பர் டி போட்டுக்கொள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

"அதெல்லாம் எதுக்கு? பால் குடுக்கற இல்ல, போதும். என்னப் பாரு" என்றாள் ராஜம்மா. உள்ளே எதையோ வைப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்த ஷெர்லினுக்கும் அதுவே வசதியாகப் போயிற்று.

ஷெர்லினும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. குழந்தைக்கு நாலு மாதம் ஆனதும் லைனுக்குத் திரும்பிவிட்டாள். ராஜம்மா வேலையை விட்டுவிட்டுப் பேத்தியைப் பார்த்துக்கொண்டாள். பகலெல்லாம் புட்டிப்பால். லைனில் நிற்கும் ஷெர்லினுக்கு மார்பு கட்டி வலிக்கும். பாத்ரூமுக்கு ஓடிப் பிழிந்துவிட்டு வருவாள். களைத்துப் போய் வருகிற மருமகள் தூங்கட்டும் என்று, இரவிலும் குழந்தையைத் தன்னிடம் போட்டுக்கொண்டு புட்டியே வைத்தாள் ராஜம்மா. நல்ல மாமியார்தான், யார் இல்லை என்றது? பால்தான் சுரக்கிறதே என்று இரண்டு பேரும் நிம்மதியாக இருந்தார்கள்.

குழந்தை தவழ ஆரம்பித்த சமயத்தில் ஷெர்லினுக்கு வாந்தி வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மறுபடியும் உண்டாகியிருக்கிறாள் என்றார்கள். ராஜம்மா நர்ஸோடு சண்டைக்குப் போனாள்.

"பால் நல்லா கீது சிஸ்டர்! அப்புறம் எப்படித் தங்கும்?"

"பால் இருந்தா மட்டும் பத்தாதும்மா. ராத்திரி பகல்னு புள்ள வாய் வெச்சு உறிஞ்சிக்கினே இருக்கணும். அப்பகூட மொத ஆறு மாசம்தான் நம்பலாம். நீங்க புட்டிய குடுத்துட்டீங்க, காவல் போச்சு."

தையல் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை, ரத்தமும் குறைவு, ஆபத்து இருக்கிறது என்றார் டாக்டர். வேண்டாமென்றால் இப்போதே கலைத்துவிடலாம். அதற்கு ஷெர்லினின் சம்மதம் போதும். ஷெர்லினுக்கு வேண்டாம் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் புருஷனுக்குத் தெரியாமல் செய்ய மனம் வரவில்லை.

அன்று சாயங்காலம் ராஜம்மா வீட்டுக்கு உறைமோர் வாங்கப் போன நான், பேச்சு நடக்கிறதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டேன். அந்தக் கெட்ட புத்தி எனக்கு உண்டு.

தாவீது கெட்டவன் இல்லை. கலைக்க வேண்டாம் என்பதைக் கோபமாகவும் சொல்லவில்லை. ராஜம்மாவின் மூன்றாவது குழந்தை, பால்குடியாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டது. அடுத்த வருஷம் தாவீது பிறந்தான். போனதற்குப் பதிலாகக் கர்த்தர் கொடுத்த பிள்ளை என்று ராஜம்மா சபையில் எத்தனையோ முறை சாட்சி சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டே வளர்ந்தவன் அவன்.

"என்னையும் அப்படித்தானேம்மா குடுத்தாரு? அன்னிக்கு நீ வேணாம்னு சொல்லியிருந்தா நான் ஏது?"

ஷெர்லின் தலையைக் குனிந்துகொண்டாள். மாமியாரை வைத்தே அவள் வாயை அடைத்துவிட்டான்.

ராஜம்மா வாய் மூடியிருந்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு பேத்தியை மடியிலிருந்து இறக்கிவிட்டாள்.

"அந்தப் புள்ள போனதும் குடிக்க யாரு கீறாங்க? பால் கட்டிக்கினு ஜுரத்துல கெடந்தேன். மார இறுக்கிக் கட்டி வத்த வெச்சாங்க. கொஞ்ச நாள்ல நீ தங்கிட்ட. நீ ஏன் தங்குனன்னு இன்னிக்கு அந்த சிஸ்டர் சொன்னப்புறம்தான் எனக்கே புரிஞ்சிச்சு."

"அப்ப கர்த்தர் குடுக்கலயா?"

"குடுத்தாருன்னுதான் இன்னிக்கும் சொல்லுவேன். ஆனா அத நான் சொன்னதெல்லாம் நீ பொறந்தப்புறம். நீ வயித்துல இருந்தப்ப தெனம் அழுதேன்டா. செத்த புள்ளையவே மறக்கல, அதுக்குள்ள இன்னொண்ணு. நான் வேணும்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. உனக்கு இன்னா வேணும்னு என்னை ஒருத்தரும் கேக்கல."

தாவீது அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்கற? அவளக் கேளு."

அவன் மெல்ல ஷெர்லின் பக்கம் திரும்பினான். "உனக்கு இன்னா வேணும்?"

ஷெர்லின் தவழ்ந்துவந்த குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இவள வளக்கறதுக்கு நான் உசுரோட இருக்கணும்" என்றாள்.