சூசையண்ணை கட்டிய பனர்

இன்று காலை சந்தியில் படம் அச்சடித்த புதுப் பனர் ஒன்று கட்டியிருக்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கான உதைபந்தாட்டக் கிண்ணம். பஸ்சுக்கு நிற்பவர்களுக்கெல்லாம் அந்தக் காயாத மையின் வாசம் மூக்கில் ஏறியிருக்கும். ஒருவருக்கும் ஒன்றும் செய்யவில்லை. நான்தான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். மீன் பெட்டிக்கு ஐஸ் வாங்கப் போனவன் வாங்காமலே திரும்பிவிட்டேன். ஒரு பனரைப் பார்த்து இவ்வளவு கோபமா என்று நீங்கள் சிரிப்பீர்கள். இருந்து கேளுங்கள், பிறகு சிரிக்கலாம்.

மன்னாரில் எங்கள் பக்கத்தில் பனர் இல்லாமல் எதுவும் நடக்காது. கலியாணம், வேதக் கோயிலில் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற முதல் நன்மை, செத்த வீடு, கந்தோரில் ஒருவருக்குப் பதவி உயர்வு, எல்லாவற்றுக்கும் பனர்தான். மீள்குடியேறி வந்த முதல் வருடம் நாங்கள் தகரக் கொட்டிலுக்குள் வெந்துகொண்டிருந்தோம். கோயிலுக்கு மணி இல்லை, கிணற்றுக்குக் கட்டு இல்லை. ஆனால் அமைச்சர் ஒருவர் வருகிறார் என்றதும் எங்கிருந்தோ பனர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த வியாதி நிற்கவே இல்லை.

நாங்கள் வந்தது தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமிலிருந்து. நடக்கப் பழகியதும் பந்து உதைக்கப் பழகியதும் அங்கேதான். பத்தொன்பது வயதில் அம்மாவோடு இங்கே வந்து இறங்கியபோது, ஊர் என்று அவள் சொல்லிவந்த இடத்தில் உடைமரப் பற்றைதான் நின்றது. மைதானம் என்று ஒன்று இருந்தது. அதன் ஒரு பக்கக் கோல் கம்பத்துக்குப் பின்னால் மிதிவெடி எடுக்காத காணி. மஞ்சள் நாடாவும் மண்டையோட்டுப் பலகையும். பந்து நாடாவைத் தாண்டிப் போனால் போனதுதான், ஊரில் இருந்ததோ ஒரே பந்து. அதனால் அந்தப் பக்கம் அடிக்கும்போது எல்லோரும் தரையோடுதான் அடிப்போம். பிற்காலத்தில் மாலைதீவில் என் பயிற்சியாளர், ஒரு நெட்டை வெள்ளைக்காரர், "உனக்குப் பந்தைத் தூக்கவே தெரியாதா?" என்று கேட்டபோது, எதிலிருந்து தொடங்கிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். எங்கள் மைதானம் சரியில்லை என்று மட்டும் சொன்னேன்.

ஊர்க் கழகத்தின் தலைவர் சூசையண்ணை. சண்டைக் காலம் முழுக்கக் கடல் தாண்டாமல் இங்கேயே இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கிடந்தவர். அதைப் பதக்கம் மாதிரிக் குத்திக்கொண்டு திரிவார். கழகத்தில் சேரப் போன அன்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீ ஆற்றை மகன்?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன்.

"ஓ, இந்தியாவுக்கு ஓடினவையோ. தம்பி, இது இஞ்ச கிடந்து செத்துப் பிழைச்ச சனத்தின்ர ரீம். நீ கரையில நிண்டு பார்."

இரண்டு வருடம் கரையில் நின்று பார்த்தேன். அவர் மகனே பந்தைக் கண்டு விலகி ஓடுவான், அவனுக்கு இடம் இருந்தது. கடைசியில் மானத்தை விட்டு, தலைமன்னாரில் ஒரு கழகத்தில் போய்ச் சேர்ந்தேன். நானாட்டானில் நடந்த ஒரு மட்சைப் பார்க்க வந்த கழகக்காரர் ஒருவர் என்னைக் கொழும்புக்குக் கூட்டிப்போனார். அங்கே இரண்டு பருவம். பிறகு மாலைதீவு.

தொழில்முறை ஆட்டக்காரன் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மாலைதீவுத் தலைநகர் மாலேயில் நான் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர் உட்காரும் வாங்கில் இருந்தவன். கடைசி இருபது நிமிடத்துக்கு இறக்குவார்கள். வேர்க்கத் தொடங்கும்போது விசில் ஊதிவிடும். இரண்டாம் பருவத்தில்தான் எனக்கு முன்னால் ஆடியவர் தொடையில் அடிபட்டுப் படுத்தார். பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து தொடக்கத்திலேயே நீதான் என்றார். அன்றைக்கு நான் அறையில் தனியே இருந்து சிரித்ததை யாராவது பார்த்திருந்தால் வைத்தியரிடம் கொண்டுபோயிருப்பார்கள்.

அந்தக் கிழமையே அம்மாவைப் பித்தப்பைக் கல் என்று மன்னார் ஆஸ்பத்திரியில் மறித்துப் படுக்க வைத்துவிட்டார்கள். கெஞ்சி ஐந்து நாள் லீவு வாங்கினேன். ஊரில் பந்தைத் தொடக்கூடாது, ஒப்பந்தத்தில் இருக்கிறது என்று பயிற்சியாளர் விரலை ஆட்டித்தான் அனுப்பினார். அந்த ஐந்து நாளுக்குள் வந்து விழுந்தது ஊர்த் திருவிழா.

சூசையண்ணை ஒரு சீப்புக் கதலிப் பழத்தோடு வார்ட்டுக்கே வந்துவிட்டார். என்னைக் கரையில் நிறுத்திய அதே வாய்.

"தம்பி, நீங்கள் எங்கட மண்ணின்ர பிள்ளை. பைனலுக்கு ஒரு பாதி மட்டும் இறங்கினாக் காணும்."

"ஏலாதண்ணை. அங்க தெரிஞ்சா என்னைக் கழகத்தால வெட்டிப்போடுவாங்கள்."

"ஆருக்குத் தெரியப்போகுது? போட்டோ இல்லை, பேர் சொல்லமாட்டம். அந்தோனியார் மேல சத்தியம்."

அம்மா கண்ணைத் திறக்காமலே, "போகாத மகன்" என்றாள்.

போனேன். ஊர்ப்பற்று என்று நினைத்துவிடாதீர்கள். என்னைத் துரத்தியவர் என் அம்மாவின் கட்டிலடியில் நின்று கெஞ்சுகிறாரே, அந்த ருசிக்காகப் போனேன்.

மைதான வாசலில் பத்தடி உயரத்தில் அது தொங்கியது. மை காயவில்லை. மாலைதீவுக் கழகச் சட்டையோடு என் படம். புனிதருக்குப் போல தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். "எம் மண் ஈன்ற சர்வதேச நட்சத்திரமே வருக!" மூலையில், என்னைவிடக் கொஞ்சம் பெரிதாக, சூசையண்ணை கைகூப்பிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி என் பெயரை மூன்று தரம் கூவியது. சூசையண்ணையின் போனை ஒருவர் தடியில் கட்டித் தூக்கிப் பிடித்திருந்தார். பிரான்சிலும் கனடாவிலும் இருக்கிற ஊரார் பார்க்க முகநூலில் நேரடியாகப் போகிறதாம். என் மாலைதீவுக் கழகமும் பெருமைப்படட்டும் என்று அதன் பக்கத்தையும் இணைத்துவிட்டாராம்.

"அண்ணை, சத்தியம் பண்ணினீங்களே!"

"டேய், பனர் கட்டாம உன்னை இறக்கினா ஊர் என்ர முகத்தில துப்பாதே? ஒரு மரியாதை வேண்டாமோ?"

அவர் நடிக்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஒருவனைக் கௌரவிக்காமல் சும்மா விளையாட விட அந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரியாது. எங்கள் சனம் இரகசியத்தையும் ஒலிபெருக்கி கட்டித்தான் காப்பாற்றும்.

அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருக்கலாம். நான் செய்ததைக் கேட்டால் நீங்களும் துப்புவீர்கள். பனரில் என் பெயரை இரண்டாம் தரம் வாசித்தேன். நன்றாகத்தான் இருந்தது. உட்கார்ந்து பூட்சைக் கட்டினேன்.

இரண்டாம் பாதியில் ஒரு கோல் அடித்தேன். இடது பக்கத்தால் வெட்டிப் போய், இரண்டு பேருக்கு நடுவால், தரையோடு, கம்பத்தின் அடிக்கு. பின்னால் இருந்த காணியில் அப்போது வீட்டுத்திட்ட வீடுகள் வந்துவிட்டன. கால் மட்டும் பழையபடியே அடித்தது. வெடி கொளுத்தினார்கள். சூசையண்ணை என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

கொழும்புக்குப் போகிற வழியில், மதவாச்சியில் தேத்தண்ணிக்கு பஸ்சை நிறுத்தியபோது பயிற்சியாளரின் செய்தி வந்தது. மேலே பனரின் படம். கீழே இரண்டு வரி: அழகான கோல். அம்மா எப்படி இருக்கிறார்? பின்னாலேயே கழகத்தின் கடிதம், வரவேண்டாம் என்று. அம்மா உண்மையாகவே ஆஸ்பத்திரியில்தான் கிடந்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் இல்லை. பொய்யன் என்ற பெயர் எனக்கு முன்னால் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கேயும் ஒருவரும் எடுக்கவில்லை. எனக்கு அப்போது வயது இருபத்தைந்து.

ஊருக்குத் திரும்பிய அன்று சூசையண்ணை வந்து, "நல்லதாப் போச்சு, இனி எங்களோடயே விளையாடலாம்" என்றார். கழுத்தைப் பிடித்துவிட்டேன். நாலு பேர் சேர்ந்துதான் என் விரல்களைக் கழற்றினார்கள். அதற்குப் பிறகு எட்டு வருடம் ஒரே கோயிலில் பூசை கண்டோம். ஆளுக்காள் சமாதானம் சொல்லிக் கைகூப்பும் நேரத்தில் நான் எழும்பி வெளியே போய்விடுவேன்.

போன மாரிகாலத்தில் அவர் செத்துப்போனார். செத்த வீட்டுக்கு நான் போகவில்லை.

மாலேயில் நான் ஆடியதை ஒருவரும் படம் பிடித்து வைக்கவில்லை. வாங்கில் இருப்பவனை யார் எடுப்பார்கள்? நான் ஓடி, நான் அடித்து, பந்து உள்ளே போவது இந்த உலகத்தில் ஓரிடத்தில் மட்டும்தான் இருந்தது: சூசையண்ணையின் முகநூலில். அவரைத் திட்டித் திட்டியே அதை எட்டு வருடம் பார்த்துவந்தேன். மனைவிக்குக்கூடத் தெரியாது. அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு கழிந்த கிழமை தேடினேன், காணவில்லை. செத்த மனிதருக்குப் பிறந்தநாள் வாழ்த்து வருகிறதே என்று ஜேர்மனியில் இருக்கிற மகள் பக்கத்தை அழித்துவிட்டாளாம். ஒரு பிரதியாவது எடுத்து வைத்திருக்கிறாளா என்று அவளிடம் கேட்கலாம்தான். எந்த முகத்தோடு கேட்பது? அவளுடைய அப்பாவின் கழுத்தைப் பிடித்தவன் நான்.