மூவாயிரத்து இருநூறு சுற்று

அந்த வால்வு ரேடியோவைப் பாட வைத்தவன் நானல்லன்.

ஆறு ஆண்டுகளாக ‘நான்தான்’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். உறவினரிடம், நண்பரிடம், ஒருமுறை மேடையேறி ஒலிபெருக்கியிலும்... அத்தனையும் பொய்!

அதற்காக நான் ஒன்றுமே செய்யவில்லை என்று எண்ணிவிடாதீர்கள். சிங்காநல்லூரில் முப்பத்தொரு ஆண்டுகள் மில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். என் கை பட்டு ஓடாத மோட்டார் கிடையாது என்று மேஸ்திரிகளே சொல்வார்கள். கொஞ்சம் தற்பெருமைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்த ரேடியோ என் மாமனாருடையது. தாராபுரம் வீட்டுப் பரணில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்த தேக்குப் பெட்டி. அதைக் காரில் ஏற்றிவந்து என் வீட்டு மேசைமேல் இறக்கியவர் என் மனைவியின் அண்ணன்.

“மாப்ளே, எங்க புது ஊட்டுல பால் காய்ச்சறதுக்குள்ள இதப் பாட வெச்சுப்போடுங்க. அப்பா ஞாபகமா ஹால்ல வெக்கோணும்” என்றார்.

இரண்டு மாதம் உழைத்தேன். பெட்டியைத் தேய்த்துத் தேய்த்து, பதின்மூன்று பூச்சு பாலிஷ் போட்டேன். முகம் பார்த்துத் தலை சீவலாம்! டயல் கண்ணாடியில் இருந்த ஊர்ப்பெயர்களில் ஓர் எழுத்துகூட உதிராமல் ஈரப் பஞ்சால் துடைத்தேன். முள்ளை நகர்த்தும் நூலைப் புதிதாகக் கட்டினேன். பழைய கண்டென்சர்களை எல்லாம் மாற்றினேன். இவை என் வேலை. இவற்றை எவரும் என்னிடமிருந்து பறிக்க முடியாது.

சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. ஐந்து வால்வுகளும் சிவந்தன. சத்தம் மட்டும் வரவில்லை...

பழுது எங்கே என்று கண்டுபிடித்து, மச்சானுக்கும் போனில் சொன்னேன். ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பும் சின்ன டிரான்ஸ்பார்மருக்குள் கம்பி அறுந்திருந்தது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி. பிரித்துவிட்டுப் புதிதாகச் சுற்ற வேண்டும். சுற்றினேன். நானூறாவது சுற்றில் அறுந்தது. மறுபடி சுற்றினேன். ஆயிரத்து நூறில் அறுந்தது. மூன்றாம் முறை கெட்ட வார்த்தை சொல்லி மேசைமேல் வீசினேன்.

கை துடைத்தபடி ராஜாமணி வந்தாள்.

“ஏனுங்க, இப்படி வெடுக்குனு இழுத்தா அது அறாம என்ன பண்ணும்? இங்க குடுங்க.”

என் மனைவி திருமணத்திற்கு முன் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்புசெட் கம்பெனியில் ஆறு ஆண்டுகள் மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள் சுற்றியவள். அங்கே அவளைச் சேர்த்துவிட்டவர் அவள் அண்ணன். வேலையை நிறுத்தியவன் நான். ‘என் சம்பளம் போதும், நீ போக வேண்டாம்’ என்றேன். அதையும் பெருமையாகத்தான் சொன்னேன்!

கை டிரில்லை மேசையோரத்தில் இறுக்கச் சொன்னாள். வியர்வை பட்டால் கம்பி நாளடைவில் அரித்துவிடும் என்று விரல் நுனிகளில் முகப்பவுடர் தடவிக்கொண்டாள். நான் கழற்றிப் போட்டிருந்த பழைய சுருளைப் பிரித்து எண்ணினாள். நூறு சுற்றுக்கு ஒரு புளியங்கொட்டை. முப்பத்திரண்டு கொட்டைகள் வரிசையாக நின்றன. பிறகு அதே கணக்கில் புதுக் கம்பியைச் சுற்றத் தொடங்கினாள்.

மூன்று பிற்பகல்கள். வலக்கை கைப்பிடியைச் சுற்ற, இடக்கை விரல்களுக்கிடையே கம்பி வழுக்கிப் போயிற்று. ஒரு சுற்றின்மேல் மறு சுற்று ஏறவில்லை. குக்கர் விசிலடித்தபோதும் தலை நிமிரவில்லை.

“கேஸ அணைச்சுப்போடுங்க.”

அணைத்தேன். அந்தச் சுருளில் என் பங்கு அவ்வளவுதான்!

நான்காம் நாள் ரேடியோவிலிருந்து நாகசுரம் வந்தது. என்ன ஒலி! அடிவயிற்றிலிருந்து எழுந்து வருகிற கனத்த ஒலி. ராஜாமணி பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, “அப்பா ரேடியோங்க... அப்பா ரேடியோ” என்று சிரித்தாள். அவளை அப்படி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பால் காய்ச்சிய அன்று ஹாலில் உறவுக்கூட்டம். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மச்சான் என் தோளில் கை போட்டார்.

“அந்தக் கம்பியவும் நீங்களே சுத்துனீங்களா மாப்ளே?”

நாலடி தள்ளி ராஜாமணி காபித் தட்டோடு நின்றாள். ஒரே ஒரு சொல் போதும். ‘உங்கள் தங்கை’ என்றால் போதும். அத்தனை பேர் முன்னால், மில் எலக்ட்ரீஷியனால் ஆகாததைப் பெண்டாட்டி செய்தாள் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை.

“ஆமாங்க மச்சான்.”

“பாத்தியா அம்மணி, மாப்ளைக்கு என்ன கை!”

“ஆமாங்கண்ணா” என்றாள் அவள். தட்டு ஆடவில்லை.

அதோடு நின்றேனா? பழைய ரேடியோப் பிரியர்கள் கூடிய கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பவுடர், புளியங்கொட்டை, எல்லாவற்றையும் என் யுக்தியாகச் சொன்னேன்! கைதட்டினார்கள். இரண்டாம் வரிசையில் பட்டுப்புடவையில் அவளும் தட்டினாள். அவள் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். திட்டவில்லையே!

போன ஆடியில் மச்சான் இறந்துபோனார்.

சென்ற வாரம் தாராபுரத்திலிருந்து ஒருவர் ஒரு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதே பழுது. “உங்க மச்சான் இருந்த வரைக்கும் உங்க கையப் பத்தியேதானுங்க பேசுவாரு” என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டேன்.

“அது நான் சுத்துனது இல்லீங்க. எங்க ஊட்டுக்காரி சுத்துனது.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “உங்களுக்குப் பெரிய மனசுங்க! ஊட்டம்மாவுக்கு எப்படிப் பெருமை சேக்கறீங்க!”

ராஜாமணியைக் கூப்பிட்டேன். ‘நீயே சொல்’ என்றேன். அவள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“விளையாட்டுக்குச் சொல்றாருங்க. வெச்சுட்டுப் போங்க, செஞ்சு குடுப்பாரு.”

அவர் போன பிறகு கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று. ரேடியோவின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டே பதில் சொன்னாள்.

“எங்கண்ணங்கிட்டச் சொல்லியிருக்கோணுமுங்க. இனி ஆருகிட்டச் சொல்லி என்னங்க ஆவோணும்?”

குரலில் கோபமே இல்லை. அதுதான்...

இதை எழுதும்போது பக்கத்து அறையில் டிரில் சுழல்கிறது. பத்தொன்பதாவது கொட்டையை அவள் நகர்த்திவிட்டாள். கம்பி ஒருமுறைகூட அறவில்லை. இந்தக் கோயம்புத்தூரில் இப்படிச் சுற்ற எவருண்டு! என் மனைவி என்று நினைக்கும்போதே நெஞ்சு நிமிர்கிறது. அந்தப் பெருமையைக் கேட்டு என்னைவிட மகிழ்ந்திருக்கக்கூடிய ஒரே மனிதரிடம் நான் அதை மறைத்துவிட்டேன்.

குக்கர் விசிலடிக்கிறது. போய் அணைக்க வேண்டும்.