இறங்கும்போது கொஞ்சம் மைனஸ்

என் பட்டறை மேஜை டிராயரில், வெர்னியர் அளவுகோலுக்குப் பக்கத்தில், விரலைவிடச் சற்று நீளமாக ஒரு வெள்ளை நைலான் பட்டை கிடக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எந்த மெஷினின் பாகம் என்று கேட்பார்கள். மெஷின் பாகம் இல்லை. ஊத் என்கிற துருக்கித் தந்தி வாத்தியத்தை மீட்டுவதற்காக நானே அறுத்து எடுத்தது. ஊத்தங்கரைப் பக்கம் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஓசூருக்கு வந்தவன் நான். லேத்தில் நான் கடைந்த புஷ் போகாத கம்பெனி இங்கே கிடையாது. அப்படிப்பட்டவன் துருக்கி சங்கீதமும் வாசித்திருக்கிறேன். இன்னொருவனைக் காட்டட்டும், பார்க்கலாம்.

செல்போன் ஒவ்வொரு கையாக வந்துகொண்டிருந்த காலம். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனிக்குத் துருக்கியிலிருந்து பிரஸ் மெஷின் வந்தது. அதைப் பொருத்தி ஓட்டிக்கொடுக்க வந்த இன்ஜினியர் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். என் மகன் வயதுதான். என்னை 'உஸ்தா' என்று கூப்பிடுவார். அவர்கள் ஊரில் கைதேர்ந்த தொழிலாளியை அப்படித்தான் அழைப்பார்களாம். ஆளைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். சாயங்காலம் மொட்டை மாடியில் ஊத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரே உருப்படியைத்தான் வாசிப்பார். 'சாஸ் செமாயி' வகையாம். பத்து அடித் தாளம். நாலு பகுதி, ஒவ்வொன்றும் முடிந்தபின் ஒரே பல்லவி திரும்ப வரும். நாலாவதில் மட்டும் தாளமே மாறி வேகம் பிடிக்கும்.

ஒருநாள் டீ நேரத்தில், ஆயுத பூஜையன்று இதை நான் வாசிக்கப்போகிறேன் என்று பட்டறையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். பட்டறையில் என்னோடு இருந்த மச்சான், என் மனைவியின் தம்பி, சிரித்தான்.

"இதெல்லாம் ஆவற வேலையா மாமா?"

"லேத்து எனக்கு யார்றா சொல்லிக் குடுத்தாங்க? பாத்துதானே கத்துக்கினேன்!"

"லேத்து தப்பா ஓடுனா பீஸு போவும். இது தப்பா ஓடுனா மானம் போவுமே மாமா."

சொன்ன தேதிக்கு வேலை கொடுக்காதவன் என்ற பேச்சு எனக்கு அதுவரை வந்ததில்லை. அந்த நல்ல பேர் இப்போது ஒரு வாத்தியத்தின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

முதலில், அவர் மீட்டும் பட்டையை அளந்து நைலானில் அச்சாக ஒன்று செய்தேன். அவர் வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டு, மாடிப்படியின் சிமெண்டில் வைத்துத் தேய்த்தார். தேய்ப்பார், வளைப்பார், மறுபடி தேய்ப்பார். "எவ்வளவு எடுத்தீங்க?" என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினார். அடுத்த சங்கடம் கழுத்து. வீணைக்கு இருப்பதுபோல மெட்டுகள் இதற்குக் கிடையாது, வழவழவென்று இருக்கும். மெஷின் வேலைக்காரனுக்குக் குறி இல்லாமல் கை ஓடாது. அவர் விரல் அழுந்தும் இடங்களையெல்லாம் வெர்னியரால் அளந்து மெல்லிய டேப் ஒட்டினேன். அவர் கோபிக்கவில்லை. சுரம் மேலே போகும்போது டேப்பின்மேல் சரியாக விரல் வைத்தார். திரும்பி வரும்போது அதே இடத்தில் விரலைச் சற்றுப் பின்னால் வைத்து, "அப் போனா ஓகே, உஸ்தா. டவுன் வந்தா லிட்டில் மைனஸ்" என்றார். எவ்வளவு மைனஸ் என்று கேட்டேன். காதைத் தொட்டுக் காட்டினார். ஒரே சுரம் ஏறும்போது ஓர் அளவு, இறங்கும்போது ஓர் அளவு என்றால் அதற்கு எந்த டிராயிங் போடுவது? தினமும் சாயங்காலம் அவரிடம் பழகும்போது நான் டேப்பைத்தான் நம்பினேன். இறங்கும்போதெல்லாம் கரடு தட்டியது.

ஆயுத பூஜையன்று மெஷின்களுக்குச் சந்தனம், குங்குமம் வைத்து, கருவிகளை வாழை இலையில் பரப்பியிருந்தோம். பூஜையில் வைத்த கருவியை அன்றைக்கு யாரும் தொடுவதில்லை. ஊத்தை மட்டும் இலையில் வைக்கவில்லை; அதுவும் ஒரு கருவிதானே என்று என் மனைவி அதற்கும் ஒரு பொட்டு வைத்தாள். இன்ஜினியர் அதை என்னிடம் தருமுன் டேப்புகளை ஒவ்வொன்றாக உரித்து, இலையிலிருந்த வெர்னியருக்குப் பக்கத்தில் வரிசையாக ஒட்டினார். "டுடே மெஷர்மென்ட் லீவ், உஸ்தா!"

நைலான் பட்டையை எடுத்தேன். வாசிக்க ஆரம்பித்தேன். முதல் தடவை இறங்கும்போது குறி இல்லாத கழுத்தில் விரல் தானாகப் பின்வாங்கியது. குனிந்திருந்த இன்ஜினியர் தலை நிமிர்ந்தார். சரியாக விழுந்தது என்று அதில்தான் தெரிந்தது. மூன்று பகுதி போயிற்று. நாலாவதில் தாளம் மாறியதும் கை நின்றுவிட்டது. அவர் வாத்தியத்தை என் மடியிலிருந்து எடுத்தார். நாலாவதை அவரே வாசித்தார். பிறகு திரும்ப என் மடியில் வைத்தார். கடைசிப் பல்லவியை நான் முடித்தேன். வாசிப்பதே இப்படித்தான் போல என்று நினைத்து ஆட்கள் கைதட்டினார்கள். மச்சான் மட்டும் பொரியை மென்றபடி கிட்டே வந்தான்.

"நாலாவத வெளிய ஜாப் ஒர்க்குக்குக் குடுத்துட்டீங்களா மாமா?"

"டெலிவரி ஆச்சா இல்லியா, அதச் சொல்லு."

அடுத்த வாரம் அவர் ஊத்தோடு ஊருக்குப் போனார். அப்புறம் தகவல் இல்லை. இப்போது பட்டறையை மகன் பார்க்கிறான். அளவெல்லாம் மெஷின் திரையிலேயே தெரிகிறது. சில சமயம் நைலான் பட்டையை எடுத்து வளைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு வளைந்த மாதிரியே வளைகிறது. சிமெண்டில் தேய்த்து அவர் எவ்வளவு எடுத்தார் என்று அறிய ஒரு நிமிஷம் போதும். வெர்னியர் பக்கத்திலேயேதான் கிடக்கிறது. நான் அளக்கவில்லை.